துணியாக மறுக்கும் மின்கலம்



ஜவுளிக் கடைக்கு வருகின்றவர் துணியைக் கையில் எடுத்தவுடன் முதலில் என்ன செய்கிறார் என்பதைக் கவனித்திருக்கின்றீர்களா? விலை கேட்பதில்லை; நிறம் பார்ப்பதுமில்லை. ஒரு மூலையைப் பிடித்துக் கசக்குவார். பிறகு விரல்களை விரித்து, துணி தானாக மலர்கிறதா என்று நோக்குவார். திருச்சி பெரிய கடை வீதியில் நாற்பது ஆண்டுகள் கல்லாவில் அமர்ந்திருந்தவன் நான். எனக்கு முன் என் அத்தா. அவருக்கு முன் பாட்டனார். துணிக்கு எத்தனையோ இலக்கணம் சொல்லலாம். எங்கள் கடை அறிந்த இலக்கணம் ஒன்றுதான்: கசக்கினாலும் கெடாதது துணி. மடித்து, நனைத்து, கல்லில் அடித்து, வெயிலில் உலர்த்தி, மறுநாளும் உடுத்தக் கூடியது துணி.

இந்தச் சிறிய இலக்கணத்தின் வாசலில்தான் மின்னணுவியல் அறிஞர்கள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கின்றனர். இதயத் துடிப்பைக் குறித்துக்கொள்ளும் சட்டை, உடல் வெப்பத்தை அறிவிக்கும் உள்ளாடை என்று எத்தனையோ முயற்சிகள். அவற்றில் கம்பி துணியாகிவிட்டது. உணரும் கருவி துணியாகிவிட்டது. அழுத்தும் பொத்தான்கூடப் பூத்தையலாகிவிட்டது. இவை அனைத்தையும் இயக்கும் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பொருள் மட்டும், கெட்டியான பெட்டியாகவே இடுப்பில் தொங்குகிறது. அதையும் நூலாக்கி நெய்துவிட முடியுமா? ஜவுளிக்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். அக்கறை கடையில் பிறந்ததன்று; வீட்டில் பிறந்தது.

என் அன்னையாருக்கு எழுபத்தொன்பது வயதானபோது, நின்ற இடத்திலேயே கண் இருண்டு சாய்வது வழக்கமாயிற்று. மருத்துவர் பரிசோதிக்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். வீடு திரும்பிய மூன்றாம் நாள் மீண்டும் சாய்வார். "இதயம் எப்போது தடுமாறுகிறதோ அப்போது அதைப் பிடிக்க வேண்டும்" என்று கூறி, இருபத்துநான்கு மணி நேரம் அணிந்திருக்க ஒரு கருவியைப் பொருத்தி அனுப்பினார்கள். ஹோல்ட்டர் என்பது அதன் பெயர். நார்மன் ஹோல்ட்டர் என்ற அமெரிக்கர் 1940-களின் இறுதியில் இதன் முதல் வடிவத்தைச் செய்தபோது, அது முதுகில் சுமக்கும் மூட்டையாக ஏறத்தாழ 38 கிலோ எடை இருந்தது. இன்று உள்ளங்கையில் அடங்குகிறது. மார்பில் ஒட்டுகள், அவற்றிலிருந்து கம்பிகள், கம்பிகளின் முடிவில் விரல் பருமன் பேட்டரி போட்ட ஒரு பெட்டி.

38 கிலோவை உள்ளங்கைக்குள் அடக்கியது பெரிய சாதனைதான். ஆயினும் என் அன்னையாரின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து வேளைத் தொழுகையின் கடமையான ரக்அத்துகளை மட்டும் கணக்கிட்டாலே பதினேழு. பதினேழு முறை இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும். முப்பத்துநான்கு முறை நெற்றியைத் தரையில் வைக்க வேண்டும். நாற்காலியில் அமர்ந்து தொழலாம் என்று எத்தனையோ பேர் எடுத்துச் சொல்லியும் அவர் இசையவில்லை. ஒவ்வொரு சஜ்தாவிலும் அந்தப் பெட்டி வயிற்றில் குத்தியது. ஒவ்வொரு ஒளுவிலும் முழங்கை வரை ஓடிய நீர் கம்பியில் இறங்கிவிடுமோ என்ற அச்சம் வேறு. மறுநாள் பஜ்ருக்கு எழுந்தவர், ஒருவரையும் எழுப்பாமல், கம்பியைக் கழற்றிப் பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டார். ஒளுச் செய்து, தொழுது, ஓதி முடித்து எழுந்தபோதுதான் கண் இருண்டது. கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பதிவைப் பார்த்த மருத்துவர் சொன்னது இன்னும் என் காதில் ஒலிக்கிறது: "இருபத்துமூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, பாய். எனக்கு வேண்டிய நாற்பது நிமிடம் மட்டும் இல்லை."

அடுத்த முறை, மார்பில் ஒட்டிக்கொள்ளும் பட்டை வடிவக் கருவியைத் தந்தார்கள். இரண்டு வாரம்வரை தாங்கும் வகை. ஆறாம் நாள் அது பிடித்தது; இதயம் நான்கு விநாடிகள் நின்றே போயிருந்தது. பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டு இன்று நலமாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பட்டை அவருடைய தோலில் விட்டுச் சென்ற கொப்புளங்கள் ஆற ஒரு மாதமாயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். பேஸ்மேக்கரின் கதையிலும் மின்கலமே முதன்மையானது. 1958-ஆம் ஆண்டு ஸ்வீடனில் முதன்முதலாக உடலுக்குள் வைக்கப்பட்ட கருவி சில மணி நேரமே உழைத்தது. 1970-களில் லித்தியம்-அயோடின் மின்கலம் வந்த பின்னரே, ஒருமுறை வைத்துவிட்டால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்ற நிலை உண்டாயிற்று. உடலின் உள்ளே வைக்க நல்ல மின்கலம் கிடைத்துவிட்டது. உடலின் மேலே உடுத்தத்தான் இன்னும் கிடைக்கவில்லை.

இதைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தியவர் ஸ்ரீரங்கத்து நண்பர் ஒருவர். வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தர வீதியில் ஒரு பழைய வீட்டில் தனியே வாழ்கிறார், பிள்ளைகள் அமெரிக்காவில். அவருடைய துணைவியார் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில், எவரும் அறியாமல், உறக்கத்திலேயே காலமானார். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் எழுந்து சென்று மல்டிமீட்டரை எடுத்து வருவார். நான் அவரைச் "சார்" என்பேன். அவர் என்னைப் "பாய்" என்பார். துலுக்க நாச்சியாரின் பொருட்டு அரங்கனுக்குக் கைலி உடுத்தும் வழக்கம் அந்தக் கோயிலில் உண்டல்லவா? அதைச் சொல்லி, "எங்க பெருமாளே உங்க கடை வாடிக்கைதான் பாய்" என்று சிரிப்பார்.

அன்னையாரின் பெட்டிக் கதையை நான் சொல்லி முடித்ததும் அவர் உள்ளே சென்றார். துணைவியாரின் திருமணக் கூறைப்புடவையையும், அண்மையில் வாங்கிய ஒரு புடவையையும் கொண்டு வந்தார். மல்டிமீட்டரின் இரு முனைகளையும் பழைய புடவையின் ஜரிகைக் கரையில் ஒரு சாண் இடைவெளியில் வைத்தார். "பீப்" என்று ஒலித்தது. புதிய புடவையில் வைத்தார், ஓசையே இல்லை. காரணம் ஜவுளிக்காரனான எனக்கு உடனே விளங்கிற்று. பழையது அசல் ஜரிகை. பட்டு நூலின் மேல் வெள்ளித் தகட்டிழையைச் சுற்றி முலாம் பூசியது. புதியது பிளாஸ்டிக் ஜரிகை; மினுமினுப்பு உண்டு, உலோகம் பெயரளவுக்குத்தான். அசலா போலியா என்று பார்க்க நாங்கள் கல்லில் உரைப்போம். மின்சாரம் விட்டுப் பார்க்கலாம் என்பது அதுவரை தோன்றாத வழி!

"நம்ம பாட்டிமார் எல்லாரும் மின்கம்பியைத்தான் கட்டிண்டு நடந்தா பாய்" என்றார் நண்பர். வேடிக்கைப் பேச்சன்று அது. 1990-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில், துணியில் மின்சுற்று அமைக்க முற்பட்ட ரெஹ்மி போஸ்ட், மேகி ஆர்த் ஆகியோர் தேர்ந்தெடுத்தது, இந்தியாவில் நெடுங்காலமாக நெய்யப்பட்டு வரும் உலோக இழை ஆர்கன்சாப் பட்டைத்தான். அதன் பாவு வெறும் பட்டு. ஊடை மட்டும் செம்புத் தகடு சுற்றிய பட்டு. ஒவ்வோர் ஊடை இழையும் தனித்தனிக் கம்பியாகப் பயன்பட்டது. அவர்கள் செய்த இசைச் சட்டை ஒன்றில், மார்பில் பூத்தையலிட்ட விசைகளைத் தொட்டால் பாட்டு ஒலிக்கும். வயருக்குப் பதில் நம் நாட்டுத் துணி. மின்கலமோ கெட்டிப் பொருளாகவே இருந்தது.

அதே காலத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்று அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் பேராசிரியரான சுந்தரேசன் ஜெயராமன், 1996-இல் தொடங்கிய ஆய்வில் ஒரு சட்டையை உருவாக்கினார். போர்க்களத்தில் வீரனின் உடலில் குண்டு பாய்ந்த இடத்தையும், அவனுடைய நாடித்துடிப்பையும் தெரிவிக்க அமெரிக்கக் கடற்படை கேட்ட ஆடை அது. ஒளியிழையையும் மின்னிழையையும் துணியோடு துணியாக நெய்துவிட்டார். "அணியும் மதர்போர்டு" என்று அதற்குப் பெயரும் இட்டார். ஆனால் மின்சக்தியும் செய்தி அனுப்பும் கருவியும் பேஜர் அளவுப் பெட்டியாக இடுப்பில்தான் இருந்தன. 2017-இல் லெவிஸ் நிறுவனமும் கூகுளும் சேர்ந்து ஒரு மேலங்கியை விற்பனைக்குக் கொண்டு வந்தன. அதன் கைப்பகுதியில் நெய்த இழையைத் தடவினால் தொலைபேசி பணியும். மின்கலமோ கழற்றி எடுக்கும் ஒரு வில்லையில். துவைப்பதற்குமுன் கழற்ற வேண்டும்; பத்து முறைக்கு மேல் துவைத்தால் பொறுப்பில்லை என்றார்கள். பத்து முறை! நம் வீட்டுக் கைலி ஒன்று பதினைந்து நாளில் அந்தக் கணக்கைத் தாண்டிவிடும்.

மின்கலம் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது? நண்பர் விளக்கியதை என் மொழியில் தருகிறேன். உங்கள் கைப்பேசியில் உள்ள லித்தியம் மின்கலத்தின் உள்ளே மெல்லிய உலோகத் தாள்கள் இரண்டு. அவற்றின் மேல் பூசிய பொடிகள். நடுவே ஒரு திரை. எங்கும் எளிதில் தீப்பற்றும் ஒரு திரவம். அயனிகள் எனப்படும் மின்னூட்டத் துகள்கள் ஒரு பொடியிலிருந்து மற்றொரு பொடிக்குள் புகுந்து வெளியேறுவதே அதன் வாழ்க்கை. கசக்கினால் பொடி உதிரும். திரை கிழிந்தால் இரு தாள்களும் தொட்டுக்கொள்ளும்; தொட்டால் தீ. ஈரம் புகுந்தாலோ வேதிப்பொருள்கள் கெட்டுப்போகும். அதனால்தான் அதைப் பெட்டிக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். ஜவுளிக்காரரின் இலக்கணத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லும், கசக்குதல், நனைத்தல், வெயில் என எல்லாமே, அதற்குப் பகை.

இன்னொரு வகை உண்டு. சூப்பர் கெப்பாசிட்டர் என்பர். மின்தேக்கி இனத்தில் வலியது. அதில் வேதிமாற்றம் இல்லை. அயனிகள் கரியின் மேற்பரப்பில் சென்று வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும்; வேண்டும்போது விட்டு விலகும். கரி என்றால் அடுப்புக்கரி இனந்தான். நுண்துளைகள் நிறையும்படி பதப்படுத்தியது. அத்தகைய கரி ஒரு கிராமின் உள்மேற்பரப்பு ஆயிரம் சதுர மீட்டருக்கும் அதிகம். அதாவது, ஒரு சிட்டிகைக் கரிக்குள் இருபத்தைந்து சென்ட் மனை அடங்கியிருக்கிறது! நிமிடங்களில் மின்னேற்றிவிடலாம், இலட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம், தீப்பிடிக்காத உப்புநீரே போதும். குறை ஒன்று. ஒரு கிலோ லித்தியம் மின்கலம் 150 முதல் 250 வாட்-மணி வரை சேமிக்குமானால், இது ஐந்து அல்லது பத்துதான் சேமிக்கும்.

கரியைத் துணியில் ஏற்றுவது கடினமா என்றால், அதுதான் வியப்பு. 2010-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் யீ சூய் என்பாரின் குழு, கார்பன் நானோ குழாய்களைக் கலந்த கறுப்பு மையில் பருத்தித் துணியை நனைத்து, அடுப்பில் உலர்த்தியது. அவ்வளவுதான், துணி மின்சாரம் கடத்தியது. அதைப் படித்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சாயப்பட்டறையில் முக்கி எடுத்துக் கொடியில் போடுவதல்லவா இது! 2012-இல் தென் கரோலினாவில் வேறொரு குழு, கடையில் வாங்கிய பருத்தி டி-சட்டை ஒன்றைக் காற்றுப் புகாமல் சுட்டு, துணி வடிவம் கெடாமலே கரியாக்கி, மின்முனையாகப் பயன்படுத்தியது.

உப்புநீர் வழிந்துவிடாமல் கூழாக்க அவர்கள் சேர்க்கும் பொருள் பெரும்பாலும் பாலிவினைல் ஆல்கஹால். ஆலை நெசவைப் பற்றி அறிந்தவர்கள் உடனே கண்டுகொள்வர். பாவு நூல் அறாமலிருக்க ஆலைகளில் போடும் கஞ்சி அதே பொருள்தான். உறையூர்த் தறிகளில் அரிசிக் கஞ்சி. ஆலைகளில் இந்த வேதிக் கஞ்சி. ஆக மின்சேமிப்புத் துணியின் மூன்று வேலைகளும், சாயத்தில் முக்குவது, கஞ்சி போடுவது, உலோக இழை சுற்றுவது, நம்மவர் கைகளுக்குப் பழகியவையே.

இடையில் ஒரு செய்தி. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் செல்லும் வழியில் திருவானைக்காவல் வருகிறதல்லவா? 1888-இல் சர் சி.வி. இராமன் பிறந்த ஊர் அது. துணியில் ஏறியிருக்கும் கரி எந்த வகைக் கரி, எவ்வளவு தூய்மை என்று அறிய, உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அதன்மேல் லேசர் ஒளி பாய்ச்சிப் பார்ப்பது அவர் கண்ட விளைவைக் கொண்டுதான். அந்த நிறுத்தத்தைக் கடக்கும்போதெல்லாம் நண்பர் இதை எனக்கு நினைவூட்டத் தவறுவதில்லை.

நண்பர் தம் வீட்டு முற்றத்திலேயே ஒரு சோதனை செய்தார். மீன்தொட்டிக்கு விற்கும் கரியை அம்மியில் அரைத்தார். கிராஃபைட் பொடியும் பசையும் கலந்து, வேட்டிக் கிழிசலில் வெட்டிய நாடாக்களை அதில் முக்கி உலர்த்தினார். இரண்டு கறுப்பு நாடாக்களுக்கு நடுவே உப்புக்கூழில் நனைத்த வெள்ளைத் துணி. மின்சாரத்தை வெளியே எடுக்க அசல் ஜரிகை. இப்படி மூன்று அடுக்குகளை வரிசையாக இணைத்து, இரண்டு விரல் பேட்டரிகளால் சிறிது நேரம் மின்னேற்றினார். ஓரடுக்கில் ஒரு வோல்ட்டுக்கு மேல் ஏற்றினால் நீரே பிரிந்து குமிழி விடுமாம். ஆகவே மூன்றுக்கு மூன்று வோல்ட். பேட்டரியை எடுத்துவிட்டு ஒரு சிறிய சிவப்பு விளக்கை இணைத்தார். எரிந்தது. பதினொரு விநாடி. எழுபதைக் கடந்த இரு கிழவர்கள் ஒரு கிழிந்த வேட்டி வெளிச்சம் தருவதைப் பார்த்து மகிழ்ந்த காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் சென்றபோது ஜரிகையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. செம்பும் உப்பும் மின்சாரமும் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்? "வெள்ளி, செம்பு ரெண்டும் இதுக்கு ஆகாது. துருப்பிடிக்காத எஃகு இழை வேணும்" என்று குறித்துக்கொண்டார்.

பிறகு, எங்கள் கடையின் பழைய ரசீதுத் தாளின் பின்புறத்தில் ஒரு கணக்குப் போட்டார். நல்ல ஆய்வுக்கூடத்தில் செய்த துணி, ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழக் கால் ஜூல் சேமிக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். சட்டையின் முதுகுப்புறம் 40-க்கு 50 சென்டிமீட்டர் என்றால் 2,000 சதுர சென்டிமீட்டர். ஆகவே 500 ஜூல். அந்த ஹோல்ட்டர் பெட்டியில் போட்ட விரல் பேட்டரி ஒன்றில் இருப்பதோ 10,000 ஜூல் அளவு. முதுகு முழுவதும் சேர்ந்து, விரலில் இருபதில் ஒரு பங்கு! எனக்கு ஊக்கம் குன்றியது. ஆனால் அவர் தாளைத் திருப்பவில்லை. "செலவைப் பாருங்கோ பாய். இப்போ வர சில்லுகள் இதயத் துடிப்பை எழுதிக்க அஞ்சு மில்லிவாட் இருந்தா போதும்ங்கறது. 500-ஐ அதால வகுங்கோ." வகுத்தால் ஒரு இலட்சம் விநாடி, ஒரு நாளைக்கும் சற்று மேல். வரவு பெருகாவிட்டாலும் செலவு சுருங்கியதால் குடும்பம் நடக்கும் என்பது போன்ற நிலை. நடைமுறையில் அவ்வளவும் கிடைக்காது என்பதையும் அவரே சொன்னார். மின்தேக்கி காலியாகக் காலியாக அதன் வோல்ட் இறங்கிக்கொண்டே போகும்; சும்மா வைத்திருந்தாலும் மின்னூட்டம் கசியும்.

அப்படியானால் லித்தியத்தையே நூலாக்கினால்? சீனாவின் ஃபூதான் பல்கலைக்கழகத்தில் ஹுய்ஷெங் பெங் என்பாரின் குழு 2021-இல் அதைச் செய்து காட்டியது. மீட்டர்க்கணக்கில் நீளும் இழை; அந்த இழையே மின்கலம்; அதைத் தறியில் நெய்து, கைப்பேசிக்கு மின்னேற்றினார்கள். கிலோவுக்கு 85 வாட்-மணிக்குச் சற்று மேல். அதே ஆண்டில் எம்.ஐ.டி.யில் 140 மீட்டர் நீளத்துக்கு ஒரே மின்கல இழையை இழுத்துக் காட்டினார்கள். இழை நீண்டால் உள்தடை ஏறிவிடும் என்றே அதுவரை பலரும் அஞ்சியிருந்தனர். ஃபூதான் குழு கண்டதோ நேர்மாறு. நீளம் கூடக்கூடத் தடை குறைந்து, பிறகு ஓரளவில் நிலைத்துவிடுகிறது. நெசவுக்கு நீளமான நூல்தானே வேண்டும்? அவர்கள் அந்த இழையை ஒரு இலட்சம் முறை வளைத்தும் பார்த்தார்கள். எண்பது விழுக்காட்டுக்கு மேல் கொள்ளளவு நிலைத்தது. நான் என் அன்னையாரின் கணக்கை வைத்தேன். நாளொன்றுக்குப் பதினேழு ருக்கூஉ, முப்பத்துநான்கு சஜ்தா, ஆக ஐம்பத்தொன்று. ஒரு இலட்சத்தை ஐம்பத்தொன்றால் வகுத்தால் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல். ஒரு ஆடைக்கு அது நிறைந்த ஆயுள்தான். என் ஐயமெல்லாம் அந்தத் தீப்பற்றும் திரவத்தைப் பற்றியதே. அடுப்படியில் நிற்கும் ஒரு பெண்ணின் உடலைச் சுற்றி அதை உடுத்தச் சொல்ல, இன்றைய நிலையில், எனக்கு மனம் வரவில்லை. குறைவாகச் சேமித்தாலும் உப்புநீரும் கரியும் உள்ள துணியையே நான் தேர்வேன். நண்பர் இதில் என்னோடு உடன்படுவதில்லை. காப்புறை பூசிய இழை வரும், பொறுத்திருங்கள் என்கிறார்.

இந்த இரண்டு கல்விகளும், துணியும் மின்வேதியியலும், தமிழ்நாட்டில் ஒரே கொடையாளரின் கையால் வேரூன்றியவை என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? 1944-இல் சென்னையில் நெசவுத் தொழில்நுட்பத்தையும் ஒரு துறையாகக் கொண்டு தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி, வள்ளல் அழகப்பச் செட்டியாரின் நன்கொடையால் எழுந்தது. காரைக்குடியில் அவர் வழங்கிய முந்நூறு ஏக்கர் நிலத்திலும் பதினைந்து இலட்ச ரூபாயிலும் எழுந்ததுதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1948 ஜூலை 25-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். மின்கலமும் மின்தேக்கியும் அங்கே இன்றும் ஆய்வுப் பொருள்கள். திருச்சியிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளுஸ் என்னும் குறிப்பில் வரும் "அர்காரு" என்ற ஊரும், அதன் பெயரால் விற்ற மெல்லிய துணியும், நம் உறையூரையும் அதன் நெசவையும் குறிப்பன என்று ஆய்வாளர் கருதுவர். அந்த உறையூர் எங்கள் கடையிலிருந்து நடந்து போகும் தூரம்.

ஆகவே ஒரு நாள் நண்பரை அழைத்துக்கொண்டு, எங்கள் கடைக்கு முன்பு சேலை நெய்து கொடுத்த உறையூர் நெசவாளர் ஒருவரிடம் சென்றேன். கறுப்பு நூலை விரலால் உருவிப் பார்த்தார். விரல் கறுத்தது. சிரித்தார். "ஐயா, இதைப் பாவுல போட்டீங்கன்னா விழுதுலயும் அச்சுலயும் உரசி, பத்து முழம் நெய்யறதுக்குள்ள இந்தக் கரி எல்லாம் தரையில கிடக்கும். ஊடையில போடுங்க. ஜரிகையை நாங்க எதுல போடுறோம்? ஊடைக்கு உரசல் கம்மி" என்றார். எம்.ஐ.டி.க்காரர்கள் எடுத்துக்கொண்ட அந்த ஆர்கன்சாவிலும் உலோகம் ஊடையில்தான் இருந்தது என்பது அப்போது என் நினைவுக்கு வந்தது.

அவர் மேலும் கேட்டவை மூன்று. இந்த நூலைத் தார்க்குச்சியில் சுற்றினால் முறியுமா? கறுப்பு நூல் இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது என்கிறீர்களே, நடுவே எத்தனை வெள்ளை நூல் விட வேண்டும்? சேலை நனைந்தால் கட்டியிருப்பவருக்கு ஷாக் அடிக்குமா? மூன்றாவதற்கு மட்டும் நண்பரால் உடனே பதில் சொல்ல முடிந்தது: மூன்று வோல்ட் யாரையும் ஒன்றும் செய்யாது. முதலிரண்டும் அவருடைய குறிப்பேட்டில் இருக்கின்றன. எஃகு இழை வந்து சேர்ந்ததும், கரி ஏற்றிய நூலாகப் பத்து மீட்டர் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு கை அகலத்துக்கு ஓட்டிப் பார்க்கிறேன், கூலி வேண்டாம், தறி ஓய்வாக இருக்கும் நாளில் வாருங்கள் என்று நெசவாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.